மதுரையிலிருந்து ஒரே நாளில் மணல்மேடும் சுனைக் குளியலும்: தனி வண்டியில் போய்வர முடியுமா?

கேள்வி இதுதான்: ஓமனில் மஸ்கட்டிலிருந்து தனி வண்டி எடுத்து, வாஹிபா மணல்மேட்டையும் வாதி பனி காலித் என்ற பள்ளத்தாக்கின் நீர்க்குளங்களையும் ஒரே நாளில் காட்டிக் கூட்டிவருகிறார்கள். அதுபோல மதுரையிலிருந்து கிளம்பி, மணலும் குளியலுமாக ஒரு நாளில் முடித்துவர நம்ம பக்கம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. திருச்செந்தூருக்கு மேற்கே கிடக்கும் குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேட்டுக்காடும், அதற்குள்ளேயே இருக்கிற அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையும். மணலும் நீரும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான் இந்த இடத்தின் சிறப்பு. ஆனால் ஓமன் பயணத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டும் வேறு வேறு.

வாஹிபா சுமார் 12,500 சதுர கி.மீ. பரப்பு, மேடுகள் 100 மீட்டர் வரை உயரும். மணல் ஓரத்து ஊரான பிதியாவில் டயர் காற்றை இறக்கிவிட்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் மேட்டின் மேலேயே ஓட்டுவார்கள். நம்ம தேரி அலை அலையாகக் கிடக்கும் தாழ்ந்த மேடுகள். இது வனத்துறைக் காடு, வண்டி மணலில் இறங்கக் கூடாது, நடைதான். இன்னொன்று, இது பாலைவனமே கிடையாது. மழை பெய்கிற ஊர், பனையும் முந்திரியும் உடைமரமும் நிற்கிற காடு. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து, நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண்ணை ஆயிரக்கணக்கான வருடங்களாக வாரிக் கொண்டுவந்து கடலோரம் கொட்டியதில் உருவான மேடு என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். ஒவ்வொரு மணல் துகள் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கிறது, அதனால்தான் அந்தச் சிவப்பு. ஈரக் கையில் ஒரு பிடி எடுத்துத் தேய்த்தால் உள்ளங்கையில் காவிக்கறை நிற்கும். காற்று வரி போட்ட இடத்தில் குனிந்து பார்த்தால் வரியின் மேல் கறுப்புக் கோடு ஓடும். அது இல்மனைட் போன்ற கனமான தாதுமணல். லேசான சிவப்பு மணலைக் காற்று தள்ளிக்கொண்டுபோக, இது பின்தங்கிவிடுகிறது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் நல்ல சக்தியுள்ள காந்தம் ஒன்று எடுத்துப்போங்கள், கறுப்புத் துகள் ஒட்டுவதைக் காட்டலாம். இந்தத் தேரிகளில் கிடைத்த சிறுகற்கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். அப்படிக் கூர்மையான சிறு கல் ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

இந்தப் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் ஒரே விஷயத்தில்தான்: இளங்காலையில் மணல், வெயிலேறியபின் நீர். மாற்றிச் செய்தால் போச்சு. காலை எட்டு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, வழியில் டிபன் சாப்பிட்டு, முருகனைக் கும்பிட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்குத் தேரியில் இறங்குகிறவர்கள்தான் அதிகம். ஏப்ரல், மே மாதம் அந்த நேரத்தில் மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. பத்து நிமிடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு, "ஒண்ணுமே இல்லப்பா, வெறும் மண்ணு" என்று திரும்பிவிடுவார்கள். இளங்காலையில் மணல் குளிர்ந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும், சாய்வெயிலில் சிவப்பு நன்றாக எடுத்துக் கொடுக்கும். ராத்திரி ஓடிய பூரான், நரி எல்லாவற்றின் தடமும் அப்படியே இருக்கும். சாயங்காலமும் அழகுதான். ஆனால் இருட்டியபின் மணலிலிருந்து வெளியே வந்து, அசதியோடு 180 கி.மீ. ராத்திரியில் ஓட்ட வேண்டும். அதனால் காலைதான் என் பரிந்துரை.

அதிகாலை நாலு மணிக்கு மதுரையை விட்டுவிடுங்கள். மண்டேலா நகரிலிருந்து தூத்துக்குடி நாலுவழிச் சாலை: காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம். டோல் இரண்டு, எலியார்பத்தியும் புதூர்பாண்டியாபுரமும். ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். தூத்துக்குடி ஊருக்குள் நுழையாமல் புறவழியாகத் திருச்செந்தூர் சாலையைப் பிடியுங்கள். அந்தப் புறவழியில் துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகள் ஓரங்கட்டி நிற்கும், இருட்டில் பின்னால் விளக்கு எரியாமலும் நிற்கும், அங்கே மட்டும் வேகம் வேண்டாம். பழையகாயல், முக்காணி தாண்டி ஆத்தூர், ஆறுமுகநேரி, திருச்செந்தூர். திருநெல்வேலி வழியாகவும் வரலாம், ஆனால் முப்பது நாற்பது கி.மீ. கூடும்.

திருச்செந்தூரிலிருந்து காயாமொழி பத்து கி.மீ.க்குள். அதை ஒட்டி தேரிக்குடியிருப்பு, கற்குவேல் அய்யனார் கோயில். கோயில் பக்கம் வரை தார்ச்சாலை உண்டு, சாதாரண காரே போதும். ஏழேகால், ஏழரைக்கு அங்கே இருப்பீர்கள். கார்த்திகை மாதக் கடைசியில் இங்கே கள்ளர் வெட்டுத் திருவிழா, அந்த நாட்களில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. திருவிழா பார்க்கவே வருகிறவர்கள் தவிர மற்றவர்கள் தள்ளிப்போடலாம்.

வண்டியை நிறுத்தும்போதுதான் முதல் தப்பு நடக்கும். "இன்னும் கொஞ்சம் உள்ளே" என்று தார் முடிந்த இடத்தைத் தாண்டி இறக்குவார்கள். இந்த மணல் பொடிமணல், முன்சக்கர இழுவைக் கார் தன் நீளத்துக்குக்கூடப் போகாது. புதைந்தால் உடனே ஆக்சிலேட்டரை விடுங்கள். மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி பறித்து, அடித்தட்டு மணலில் உட்கார்ந்துவிடும். எல்லோரும் இறங்கி, ஸ்டீயரிங்கை நேராக்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரி எடுங்கள். 32 பாயிண்ட் இருக்கும் டயரை 18, 20-க்கு இறக்கினால் டயர் அகன்று பிடிக்கும். காருக்குள் கிடக்கும் மிதியடியைச் சக்கரத்தடியில் செருகி, வந்த வழியிலேயே, பின்னோக்கி, மெதுவாக எடுங்கள். பக்கத்தில் கிடக்கிறதே என்று உடைமரக் கிளையையோ பனை மட்டையையோ போடாதீர்கள். ஒன்றில் முள், இன்னொன்றில் கருக்கு, டயர் போய்விடும். வெளியே வந்ததும் காற்றடிக்க 12 வோல்ட் சின்ன பம்பு ஒன்று வண்டியில் இருந்தால் நல்லது. குறைந்த காற்றோடு நாலுவழியில் ஏறினால் டயர் சூடேறி வெடிக்கும்.

நடைக்குச் செருப்பு உதவாது. மணல் உள்ளே ஏறும், உடைமுள் ரப்பரைத் துளைத்துக்கொண்டு வரும். ஷூ, முழங்காலுக்குக் கீழே வரை துணி. வெள்ளை உடுப்பு வேண்டாம், காவியேறினால் துவைத்தாலும் முழுசாகப் போகாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உள்ளே கடை கிடையாது. வண்டியை விட்டு நகருமுன் போனில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மேடு தாண்டியபின் எல்லாப் பனையும் ஒரே மாதிரித் தெரியும், சிக்னலும் விட்டுவிட்டு வரும். வழி குழம்பினால் சுற்றிச் சுற்றித் தேடாமல் உங்கள் கால்தடத்திலேயே திரும்புங்கள், காற்று எழும்பாத காலை நேரத்தில் தடம் அழியாது. புதருக்குள் கை விடக் கூடாது, சுருட்டை விரியன் இருக்கிற நிலம். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், காலை அசைக்காமல் 108 கூப்பிட்டுத் திருச்செந்தூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முந்திரிப் பழக் காலத்தில் பழத்தைப் பறிக்காதீர்கள், அது குத்தகை எடுத்தவர் பிழைப்பு. பீடி, சிகரெட் கூடவே கூடாது. சருகில் ஒரு பொறி போதும்.

ஒன்பது, ஒன்பதரைக்குள் மணலை விட்டுவிடுங்கள். அங்கிருந்து மேலப்புதுக்குடி, அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். சிவந்த மேடுகளுக்கு நடுவே திடீரென்று அடர்ந்த மரநிழலும் தண்ணீரும். தேரி மணலில் மழை விழுந்தால் ஓடுவதில்லை, அப்படியே உள்ளே இறங்கிவிடும். அடியில் நீர் புகாத இறுகிய படுகை தடுக்கிற இடத்தில் அது தேங்கி, பள்ளம் வந்தால் ஊற்றாக வெளியே கசியும். திருச்செந்தூர்க் கடற்கரையில், உப்புக்கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நாழிக்கிணறு நல்ல தண்ணீராகச் சுரப்பதும் இதே நிலத்தடி நன்னீரால்தான். நல்ல மழை வருடமானால் தை, மாசி வரை சுனை நிறைவாக இருக்கும், சாத்தான்குளம் பக்கத்து வைரவம் தருவை, புத்தன்தருவை ஏரிகளிலும் நீரும் பறவைகளும் பார்க்கலாம். மழை பொய்த்த வருடம் சித்திரையில் வந்து நீர் இல்லையே என்று குறைப்படக் கூடாது.

சுனை நீச்சல்குளம் இல்லை, கோயில் தீர்த்தம். இறங்குமுன் கோயிலில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், "அண்ணாச்சி, குளிக்கலாமா, எந்தப் பக்கம் இறங்கணும்?" என்று. பெண்கள் நைட்டியோ சுடிதாரோ, ஆண்கள் வேட்டியோ துண்டோ கட்டிக் குளிப்பதுதான் முறை. ஓமனின் வாதியிலும் டி-ஷர்ட்டோடு இறங்கச் சொல்கிற வழக்கம்தான் என்பதால் இதில் புதுசு ஒன்றும் இல்லை. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஆறு என்றால் அழுக்கு அடித்துக்கொண்டு போகும். சுனையில் போட்டது சுனையிலேயே நிற்கும், மெல்ல மணலுக்குள் இறங்கி அக்கம்பக்கத்துக் கிணற்றுக்கும் போகும். உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் ஏற்கெனவே கிணறுகளில் கடல் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கிற நல்ல நீரை நாம் கெடுக்க வேண்டாம். காலில் ஒட்டிய காவி மணலைக்கூட வெளியே ஒரு குடம் ஊற்றிக் கழுவிவிட்டு இறங்கினால் நீர் கலங்காது.

கைகால் அடித்து நீந்தியே ஆக வேண்டும் என்கிறவர்களுக்குத் தாமிரபரணி. ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆள் நடமாட்டமுள்ள படித்துறையில் மட்டும் இறங்குங்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கீழே வேண்டாம். அங்கே பாசி வழுக்கும், சுழல் இழுக்கும். மணல் அள்ளிய பழைய குழிகள் மேலே தெரியாது, இடுப்பளவு நீரில் நடந்துகொண்டிருக்கும்போதே கால் நழுவி ஆள் உயரத்துக்குப் போய்விடும். உள்ளூர்க்காரர் யாரும் குளிக்காத துறையில் நீங்களும் குளிக்காதீர்கள்.

மதியச் சாப்பாடு திருச்செந்தூரில். செவ்வாய், கிருத்திகை, சஷ்டி, விடுமுறை நாட்களில் கூட்டம் நெரியும், தரிசனத்தையும் இதே நாளில் சேர்த்தால் வரிசையிலேயே மூன்று நாலு மணி நேரம் போகலாம். தரிசனம் வேண்டுமென்றால் ஒரு ராத்திரி தங்கும் பயணமாக மாற்றிக்கொள்ளுங்கள். நேரம் மிச்சமானால் தெற்கே குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு, கடலோர மணற்குன்றின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். புரட்டாசி தசரா சமயம் குலசைச் சாலையே அடைபடும், அப்போது அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம். பங்குனி முதல் வைகாசி வரை வந்தால் உடன்குடிப் பக்கம் பதநீர் கிடைக்கும், காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயிலேறினால் புளிக்கத் தொடங்கும். கருப்பட்டியும் அங்கேயே வாங்கலாம்.

மாதம் என்று கேட்டால் தையும் மாசியும்தான், தைப்பூசம் நாளைத் தவிர்த்து. ஆனி, ஆடியில் காற்று மணலை முகத்தில் அறையும், கேமரா லென்சுக்குள் புகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் மணல் இறுகி, நடக்கச் சுகமாக, நிறம் இன்னும் கருஞ்சிவப்பாக இருக்கும். மழையை நம்பி நாள் குறிக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

வாடகை வண்டி பேசும்போது போகவர 360, உள்ளூர்ச் சுற்று 50, 60 சேர்த்து 420 கி.மீ. என்று கணக்குச் சொல்லுங்கள். டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா இதில் சேருமா, தனியா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நாலு பேர் என்றால் செடான், ஏழு பேர் வரை இன்னோவா. பெரும்பாலானவர்கள் நள்ளிரவு 12 முதல் 12 வரை ஒரு நாள் என்று கணக்கிடுவார்கள். முந்தின ராத்திரி 11.30-க்குக் கிளம்பினாலோ, திரும்பி வர 12 தாண்டினாலோ இரண்டு நாள் வாடகையும் பேட்டாவும் கேட்பார்கள். காலை மூன்றரைக்கு எழுந்த டிரைவரை நீங்கள் குளிக்கிற இரண்டு மணி நேரமும் நிழலில் தூங்க விடுங்கள், அதற்குள் டீ வாங்கிவரச் சொல்லி எழுப்பாதீர்கள். நாலரைக்குத் திருச்செந்தூரை விட்டால் எட்டரைக்குள் மதுரை வந்துவிடலாம்.