பொடி அரைப்பது சுலபம், காசு கேட்பதுதான் கஷ்டம்

'பெண் தொழில்முனைவோராக இருப்பதில் கிடைக்கும் பலன் என்ன, படும் பாடு என்ன?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

மதுரையில் ஒன்பது வருடமாக மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். சாம்பார்ப் பொடி, குழம்பு மிளகாய்த்தூள், இட்லிப் பொடி. தொழில்முனைவோர் என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. கடைக்காரர்களுக்கு நான் 'பொடிக்கார அக்கா'.

அரைப்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. வறுத்ததை ஆறவிட்டு அரைக்க வேண்டும். அரைத்ததையும் பரப்பி ஆறவிட்டுத்தான் பாக்கெட் போட வேண்டும், சூட்டோடு போட்டால் கட்டி தட்டிவிடும். இதெல்லாம் ஒரு வருடத்தில் கைக்கு வந்துவிட்டது. வராதது வசூல்.

சின்ன மளிகைக் கடைகள் கடனுக்குத்தான் சரக்கு எடுக்கும். பழைய பில்லுக்குப் பணம், புதுச் சரக்கு பாக்கி என்று ஓடும். நான் போய் நின்றால், "சாரை வரச் சொல்லுங்கம்மா, செட்டில் பண்ணிடலாம்" என்பார்கள். சார் என்பது என் வீட்டுக்காரர். எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி என்றே அவருக்குத் தெரியாது! ஒரு கடைக்கு 6,400 ரூபாய்க்காக ஏழு மாதம் நடந்தேன். உத்யம் என்ற அரசுப் பதிவு வைத்திருக்கும் குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சட்டத்தைக் காட்டினால் பணம் வரலாம், ஆனால் அந்தக் கடை போய்விடும். அதனால் நேரத்தை மாற்றினேன். சாயங்காலம் ஆறரைக்கு, கூட்டம் இருக்கும்போது போய், பில்லை நீட்டிக்கொண்டு பேசாமல் நிற்பேன். நாலு பேர் பார்க்கும்போது கொடுத்துவிடுகிறார்கள். பையன் டியூஷன் முடிந்து வருவதும் அதே ஆறரைக்குத்தான். பூட்டின வீட்டு வாசலில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்த கஷ்டம், தொழிலுக்குப் போடும் முதல். மாசி, பங்குனியில் புது மிளகாய் வத்தல் வரும்போது மொத்தமாக எடுத்துப் போட்டால்தான் வருடம் முழுக்கத் தாக்குப்பிடிக்கலாம். 2015இல் வந்த முத்ரா திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. வங்கியில் கேட்டேன். "வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?" என்பதுதான் முதல் கேள்வி. நாலு மாதம் அலைந்தேன். அதற்குள் சீசன் முடிந்துவிடும் என்று இன்னொரு இடத்தில் வளையலை வைத்தேன், ஒரு மணி நேரத்தில் பணம் கையில். நகைக்கு இருக்கிற மரியாதை!

ஆனால் எல்லாப் பழியையும் கடைக்காரர் மேலும் வங்கி மேலும் போட மாட்டேன். முதல் இரண்டு வருடம் நானே எனக்குக் காசு கொடுக்கவில்லை. வத்தல், மல்லி, மில் கூலி, பாக்கெட், ஆட்டோ என்று கணக்கு எழுதுவேன், என் கூலி அதில் இருக்காது. வரிக் கணக்கு பார்க்கும் தம்பி ஒருநாள், "அக்கா, உங்க இடத்துல ஒரு ஆளைப் போட்டா என்ன சம்பளம் கொடுப்பீங்க?" என்று கேட்டான். அதைச் சேர்த்துப் பார்த்தால் கிலோவுக்கு 18 ரூபாய் நஷ்டம். லாபம் என்று நான் நினைத்ததெல்லாம் என் உழைப்புதான். மறுவாரமே கிலோவுக்கு 40 ரூபாய் ஏற்றினேன். பில் எழுதும்போது கை நடுங்கியது. இரண்டு கடை நின்றது, மற்றவர்கள் வாயே திறக்கவில்லை.

சரி, பலன்? இப்போது என்னோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஒருவர் வாரக் கூலியில் 300 ரூபாயை என்னிடமே விட்டுவைப்பார். ஜூன் மாதம் பிள்ளை ஃபீஸுக்கு மொத்தமாக வாங்கிக்கொள்வார். வீட்டில் இருந்தால் தங்காது என்பார், அதற்கு மேல் நான் கேட்பதில்லை. பொடி டப்பாக்களுக்குப் பின்னால் அதற்கென்று ஒரு தனி நோட்டு இருக்கிறது. போன மாதம் இன்னொருவரும் அதில் பெயர் எழுதச் சொன்னார்.