ஜப்பானில் ஒரே பாலினத் தம்பதிகளுக்கு நகராட்சி தரும் துணைவர் சான்றிதழ் திருமணம் ஆகுமா?

ஆகாது. ஆனால் வெறும் காகிதம் என்றும் தள்ளிவிட முடியாது.

2015 நவம்பர் 5 அன்று டோக்கியோவின் ஷிபுயா, செதகயா ஆகிய இரண்டு வட்டாரங்களும் ஒரே நாளில் ஒரே பாலினத் தம்பதிகளுக்குச் சான்று கொடுக்க ஆரம்பித்தன. செதகயாவில் இருவரும் அலுவலர் முன் உறுதிமொழித் தாளில் கையெழுத்திட வேண்டும். திரும்பக் கிடைப்பது, 'உங்கள் உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டோம்' என்கிற ரசீது! ஷிபுயாவில் கெடுபிடி அதிகம். நோட்டரி பத்திரமெல்லாம் கேட்டார்கள், அதற்குச் செலவும் உண்டு. ஆனால் அங்கே அதற்கென்று உள்ளூர்ச் சட்டமே இருக்கிறது. பாகுபாடு காட்டும் நிறுவனத்தை முதலில் திருத்திக்கொள்ளச் சொல்வார்கள். கேட்காவிட்டால் பெயரை வெளியிடலாம். அபராதம் கிடையாது. ஆனால் ஜப்பானில் பெயர் கெடுவதே பெரிய தண்டனைதான்.

சரி, நடைமுறையில் என்ன பயன்? பொது வீட்டுவசதியில் சேர்ந்து விண்ணப்பிக்கலாம், ஆஸ்பத்திரியில் குடும்பத்தாராகப் பேசச் சான்று கைகொடுக்கும். ஆனால் துணைவர் உயில் எழுதாமல் இறந்தால் சொத்தில் பங்கில்லை; வருமான வரியில் மனைவி, கணவருக்கான கழிவும் இல்லை. அவை தேசியச் சட்டத்தின் கையில். 2022 நவம்பரில் டோக்கியோ பெருநகர அரசே இந்த முறைக்கு வந்த பிறகும் இந்த நிலை மாறவில்லை.