இரத்தத்தைச் சோதித்தால் தெரியுமா?

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “என் கணவர் கவாத்து வெட்டுகிறவர். தினமும் மாலையில் கால் போத்தல் சாராயம் குடிக்கிறார். ஒரு வருடமாகக் காலையில் கை நடுங்குகிறது. ஒரு மடக்குக் குடித்த பிறகுதான் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்குப் போகிறார். ஒரு நாள் வேலைப் பெயரைக்கூட விட்டதில்லை, அதனால் தான் குடிகாரன் இல்லை என்கிறார். இரத்தத்தைச் சோதித்தால் உண்மை தெரியுமா?”

தெரியாது, சகோதரி. ஒருவர் குடிக்கு அடிமையா என்று சொல்லும் இரத்தப் பரிசோதனை கிடையாது. ஜீ.ஜீ.டி. என்ற ஈரல் நொதியம் குடியால் கூடும். கொழுப்பு ஈரலாலும் சில வலிப்பு மருந்துகளாலும் கூடத்தான் கூடும். வருடக்கணக்காகக் குடிப்பவருக்கும் அது சரியான அளவில் இருக்கலாம். அந்த ‘நல்ல’ ரிப்போட்டைக் காட்டியே குடியைத் தொடர்பவர்கள் உண்டு என்பதுதான் எனக்குக் கவலை. ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க இரத்தம் எடுக்கட்டும். குடியைக் கண்டறிவது கேள்விகளால்தான்.

உலக சுகாதார அமைப்பின் ‘ஓடிட்’ என்ற வினாக்கொத்தில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 புள்ளிகள். 8 வந்தாலே எச்சரிக்கை. 20 அல்லது அதற்கு மேல் வந்தால் அடிமைநிலை இருக்கிறதா என்று வைத்தியர் முழுமையாக ஆராய வேண்டும். அதில் ஓர் அளவு என்பது 10 கிராம் சுத்த மதுசாரம். 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் ஏறக்குறைய ஐந்து அளவு இருக்கிறது. கசிப்பு என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அதன் வீரியம் காய்ச்சியவருக்கே தெரியாது.

உங்கள் கடிதத்தை வைத்தே எண்ணிப் பார்த்தேன். தினமும் குடிப்பதற்கு 4, ஐந்து அளவுக்கு 2, அன்றாடம் காலையில் குடிப்பதற்கு 4. பத்தாவது கேள்வி, கடந்த ஒரு வருடத்தில் நெருங்கியவர் எவராவது இவருடைய குடியைப் பற்றிக் கவலைப்பட்டாரா என்பது. நீங்கள் கவலைப்படுகிறீர்கள், அதற்கும் 4. நான்கு கேள்விகளிலேயே 14 ஆகிவிட்டது. வேலைக்குப் போகிறாரா என்று அந்த வினாக்கொத்து கேட்பதே இல்லை.

இவற்றிலெல்லாம் என்னை நிறுத்தியது அந்தக் காலை நடுக்கம். தைரொயிட் கோளாறிலும் கை நடுங்கும். ஆனால் ஒரு மடக்கில் அடங்கும் நடுக்கம், உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டதைக் காட்டும் வலுவான அடையாளம். ஆகவே கோவிலில் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். அப்படி நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் ஆள் தடுமாறி, இல்லாததைக் கண்டு பிதற்றலாம். உயிரே போகக்கூடும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வைத்தியரின் கண்காணிப்பில் மாத்திரையும் விற்றமின் பி1 மருந்தும் கொடுத்து நிறுத்தினால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். குடியை மறக்கடிக்கும் என்று யாராவது தரும் மாத்திரையைத் தேநீரிலோ சோற்றிலோ இரகசியமாகக் கலக்கவும் வேண்டாம். அதன் மேல் சாராயம் போனால் இரத்த அழுத்தம் சடுதியாக விழலாம்.

முதலில் தோட்ட வைத்தியரிடம் காட்டலாம். டிக்கோயா, நுவரெலியா போன்ற பெரிய வைத்தியசாலைகளுக்குப் போனால் மனநலப் பிரிவைக் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். அளவைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். கடைசியாகக் குடித்த நேரத்தையும் சொல்லுங்கள்.

‘குடிகாரன்’ என்ற சொல்லோடு தொடங்கினால் அவர் வர மாட்டார். போதையில்லாத நேரம் பார்த்து, கை நடுக்கத்தைக் காட்டிவிட்டு வருவோம் என்று கூப்பிடுங்கள். அது பொய்யல்ல. கவாத்துக் கத்தி பிடிக்கிறவர், நடுங்கும் கையைப் பற்றி அவருக்கே உள்ளூரப் பயம் இருக்கும்.