லாரி வந்த நேரத்தில் விழுந்த இரண்டு கோல்கள்

கேள்வி: நம்ம ஊர்க் கால்பந்து அணி சென்னையின் எஃப்.சி. 2015-ல் வென்ற ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைப் பற்றி ரசிகர்கள் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்களே, ஏன்? கொலம்பியாக்காரரும் பிரேசில்காரர்களும் இத்தாலியப் பயிற்சியாளரும் சேர்ந்து வென்றதில் நமக்கு என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வருடத்துக்கு ஒருமுறையாவது வரும். அதனால் எங்கள் வீட்டுக் கதையையே பதிலாக எழுதுகிறேன்.

அப்போது ஜாபர்கான்பேட்டையில் குடியிருந்தோம். அடையாற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கீழ்த்தளம். அப்பா புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டைக்கு முன்பே பந்தை உதைக்கக் கற்றவர்கள். புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர் எல்லாம் கால்பந்து ஊர்கள்தான். காலில் ஷூ இல்லாமல் மண்தரையில் ஆடியதை அப்பா இன்றும் பெருமையாகச் சொல்வார். 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது எங்களைவிட அவருக்குத்தான் குஷி. நேரு ஸ்டேடியத்தில் மறுபடி கூட்டம் வரும் என்றார். வந்தது.

அந்த முதல் வருடம் லீக் சுற்றில் நாம்தான் முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ். ஊருக்கு ஒன்றாக இரண்டு ஆட்டங்கள், கோல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். கொச்சியில் 0-3 என்று தோற்றுவிட்டு வந்தோம். 2014 டிசம்பர் 16, சென்னையில் இரண்டாவது ஆட்டம். அப்பாவும் நானும் போயிருந்தோம். மூன்று கோலையும் திருப்பி அடித்துக் கணக்கைச் சமன் செய்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 117-ஆவது நிமிடத்தில் கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் அடித்தார், எல்லாம் முடிந்தது. பெரியமேட்டிலிருந்து சென்ட்ரல் வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஏறியதும், "அடுத்த வருஷம்டா" என்றார்.

அந்த அடுத்த வருடம்தான் 2015.

சீசனின் பெரும்பகுதி மோசமாகப் போனது. மொத்தம் 14 லீக் ஆட்டங்களில் 10 முடிந்தபோது நம்மிடம் 10 புள்ளிகள்தான், பட்டியலின் அடியில் கிடந்தோம். மார்கோ மாடராஸி பயிற்சியாளர். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதேனின் தலை முட்டியது இவரைத்தான் என்று சொன்னால் கால்பந்து பார்க்காதவர்களுக்கும் தெரியும். அந்த ஆட்டத்தில் இத்தாலியின் கோலை அடித்ததும் இவர்தான், அதை யாரும் சொல்வதில்லை. மாடராஸியை அனுப்பிவிடுவார்கள் என்று நாங்களே பேச ஆரம்பித்திருந்தோம். அங்கிருந்து மீதி 4 ஆட்டங்களையும் வரிசையாக வென்று, 22 புள்ளிகளோடு மூன்றாவதாக அரையிறுதிக்குள் நுழைந்தது அணி. கொலம்பியாக்காரர் மெண்டோசா பந்தோடு ஓடினால் பின்னாலிருந்து யாராலும் பிடிக்க முடியவில்லை. முன்வரிசையில் ஜேஜே தன் இடத்தில் சரியாக நின்றார். மைல்சன், மெண்டி நின்ற தடுப்பு வரிசையும் இறுகிவிட்டது.

அணி எழுந்த நேரத்தில் ஊர் விழுந்தது.

டிசம்பர் 1 இரவைப் பற்றி நீளமாக எழுத மனமில்லை. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் வந்தது. விடிவதற்குள் எங்கள் வீட்டில் நெஞ்சளவு நிற்க, மாடியில் ஹவுஸ் ஓனர் வீட்டில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் இல்லை, போன் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு பெரம்பூரில் அத்தை வீட்டுக்குப் போனோம். டிவி, பிரிட்ஜ், மெத்தை, என் கல்லூரிப் புத்தகங்கள் எல்லாம் சேற்றோடு தெருமுனைக் குப்பைக்குப் போயின. சுவரில் தண்ணீர் நின்ற கோடு மட்டும், எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் வெளியே தெரிந்தது.

அரையிறுதியின் முதல் ஆட்டம் சென்னையில் நடக்க வேண்டியது. போன வருடத்துக்கு இந்த வருடம் பதில் சொல்லும் ஆட்டம் என்று அப்பாவும் நானும் மாதக்கணக்காகப் பேசி வைத்திருந்தோம். வெள்ளத்தால் அதை புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். டிசம்பர் 12, பாலேவாடி மைதானம், எதிரே முந்தைய வருட சாம்பியன் கொல்கத்தா. 'சொந்த ஊர்' ஆட்டம் என்று பெயர், ஊர் வேறு. அத்தை வீட்டில் உட்கார்ந்து சின்ன போன் திரையில் பார்த்தோம். பிரேசில்காரர் பெலிசாரி ஒன்று, ஜேஜே ஒன்று, மெண்டோசா ஒன்று. 3-0. மூன்றாவது கோலுக்கு அப்பா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

கொல்கத்தாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 1-2 என்று தோற்றோம், மொத்தக் கணக்கில் 4-2. அங்கே நமக்காகக் கோல் அடித்தவர் ஃபிக்ரு. முந்தைய வருடம் கொல்கத்தாவுக்காக ஐ.எஸ்.எல். வரலாற்றின் முதல் கோலை அடித்த அதே எத்தியோப்பியர், அதே சால்ட் லேக் மைதானத்தில்.

இறுதி ஆட்டம் டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, கோவாவின் ஃபடோர்டாவில். எதிரணி எஃப்.சி. கோவா, பயிற்சியாளர் பிரேசிலின் பழைய நட்சத்திரம் ஜிகோ. அன்று மைதானம் முழுக்க அவர்கள் ஆட்கள்.

அதற்குள் வீட்டைக் கழுவித் தள்ளிவிட்டு ஜாபர்கான்பேட்டைக்குத் திரும்பியிருந்தோம். பிளீச்சிங் பவுடர் வாசனை போகவில்லை. எங்களிடம் டிவி இல்லாததால் மாடியில் ஹவுஸ் ஓனர் அம்மா வீட்டில் பார்த்தோம். எங்கள் தெருப் பையன்கள் ஆறேழு பேர், அப்பா, நான். கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாத ஹவுஸ் ஓனர் அம்மா, "நம்ம ஊரு பேரு போட்டிருக்கே, ஜெயிக்கட்டும்பா" என்று சொல்லி எல்லோருக்கும் டீ கொடுத்தார்.

முதல் பாதியில் கோல் இல்லை. 54-ஆவது நிமிடத்தில் பெனால்டி. பெலிசாரி அடித்ததை கோவாவின் கீப்பர் கட்டிமணி தடுத்தார், திரும்பி வந்த பந்தை பெலிசாரியே உள்ளே தள்ளினார். நான்கே நிமிடத்தில் கோவாவின் ஹாவோகிப் சமன் செய்தார். உடனே நமக்கு இன்னொரு பெனால்டி. இம்முறை மெண்டோசா, அதையும் கட்டிமணி தடுத்துவிட்டார். ஒரே இறுதி ஆட்டத்தில் ஒரு கீப்பர் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தால் கோப்பை அந்தப் பக்கம்தான் போகும் என்று யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. 87-ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கை நேராக வலைக்குள் அனுப்பினார். கோவா 2, சென்னையின் 1.

அறையில் யாரும் பேசவில்லை. அப்போது தெருமுனையில் ஹாரன் சத்தம். தண்ணி லாரி.

வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் இருந்தவர்களுக்குத்தான் அந்த ஹாரனின் அர்த்தம் தெரியும். தொட்டித் தண்ணீர் முழுக்கச் சாக்கடை கலந்து கிடந்தது. லாரி வரும் நேரத்துக்குக் கணக்கில்லை. வந்தால் குடத்தோடு ஓட வேண்டும், விட்டால் மறுநாள் சமையலுக்குத் தண்ணீர் கிடையாது. நான் எழுந்தேன். அப்பா என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"நீ பாரு. நான் போறேன்."

இரண்டு குடங்களோடு படியிறங்கிப் போனார். அவர் நம்பிக்கை இழந்து எழுந்து போனதாகப் பையன்கள் சிலர் இன்றும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவரில் ஒருவர் போயாக வேண்டும், ஒருவர் பார்க்கலாம். போன வருடம் 117-ஆவது நிமிடத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன் என்பது அவர் மனதில் இருந்தது.

90-ஆவது நிமிடம். கோல் முன்னால் வந்த பந்தை வெளியேற்றக் கட்டிமணி கையை நீட்டினார். பந்து அவருடைய வலைக்குள்ளேயே போனது. 2-2. நாங்கள் போட்ட சத்தத்தில் ஹவுஸ் ஓனர் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள், இஞ்சுரி டைமின் இரண்டாவது நிமிடத்தில் மெண்டோசா. 3-2. பெனால்டியைத் தவறவிட்ட அதே மெண்டோசா. அந்த சீசனில் அவருக்கு அது 13-ஆவது கோல், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியும் அவருக்கே.

சத்தம் கேட்டு அப்பா குடத்தைக் கீழே வைக்காமலே அண்ணாந்து பார்த்திருக்கிறார். நான் பால்கனிக்கு ஓடி, "மூணு ரெண்டுப்பா!" என்று கத்தினேன். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர், "சார், நகருங்க" என்றார். விசில் ஊதிய பிறகுதான் அப்பா மேலே வந்தார், சட்டையெல்லாம் ஈரம். கோப்பையைத் தூக்கியதைப் பார்த்தார். சென்னை மக்களுக்கு அந்த வெற்றியை அணி சமர்ப்பித்ததைக் கேட்டார். பிறகு எங்களைச் சுற்றி உட்காரவைத்து, "முதல்லேருந்து சொல்லுங்க" என்றார்.

கட்டிமணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த இரவில் அவரைவிட நன்றாக ஆடிய கீப்பர் எந்த அணியிலும் இருந்திருக்க முடியாது. கோவாவில் பிறந்த பையன், கோவாவில் நடந்த இறுதி ஆட்டம், இரண்டு பெனால்டிகளைத் தடுத்தவர். அவர் பெயரோடு அந்த ஓன் கோல் ஒட்டிக்கொண்டதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. வெளியூர்க்காரர்கள் வென்றுதந்த கோப்பை நமதாகுமா? மெண்டோசா மறு வருடமே அமெரிக்கா போய்விட்டார், உண்மைதான். ஆனால் அணியின் பெயரைப் பாருங்கள். 'சென்னையின்'. வேற்றுமை உருபோடு நிற்கும் அரைச் சொல். சென்னையின் எது என்று பெயர் சொல்வதில்லை. அந்த டிசம்பரில் அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் வைத்துப் படிக்க முடிந்தது: சென்னையின் வெள்ளம், சென்னையின் சேறு, சென்னையின் லாரி. மூன்று வாரம் செய்திகளில் எங்கள் ஊர்ப் பெயர் வந்ததெல்லாம் அப்படித்தான். டிசம்பர் 20 இரவு முதல் முறையாக அதே பெயரை வேறு காரணத்துக்காக உச்சரித்தார்கள். அதை உச்சரிக்க வைத்தவர் கொலம்பியாவில் பிறந்தாரா, கொளத்தூரில் பிறந்தாரா என்று எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை.

2018-ல் மறுபடி வென்றோம். அதுதான் இன்னும் நல்ல அணி என்பது என் கணிப்பு. பயிற்சியாளர் ஜான் கிரிகரியின் அணி அரையிறுதியில் கோவாவைச் சென்னையிலேயே 3-0 என்று வென்றது, அதில் ஒரு கோல் வடசென்னைப் பிள்ளை தன்பால் கணேஷுடையது. அன்று அப்பா மைதானத்தில் இருந்தார், அந்தக் கோலுக்கு நாற்காலி மேல் ஏறி நின்றார். இறுதியில் பெங்களூருவை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று வென்றோம், மைல்சன் இரண்டு கோல்களைத் தலையால் அடித்தார். எல்லாவற்றையும் அப்பா ஒரு நொடி விடாமல் பார்த்தார். ஆனால் எங்கள் பேச்சு 2015-க்குத்தான் திரும்பித் திரும்பிப் போகிறது.

இப்போது நாங்கள் ஜாபர்கான்பேட்டையில் இல்லை. பையன்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். டிசம்பர் 20 வாக்கில் யாராவது நான்கு பேர் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த இரண்டு கோல்களையும் அப்பாவுக்கு எத்தனையோ தடவை யூடியூபில் போட்டுக் காட்டிவிட்டேன். பார்ப்பார், தலையாட்டுவார், போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். போன டிசம்பரிலும் அப்படித்தான். டீ வந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் குடத்தை எடுத்துக்கிட்டு கீழே போயிட்டேன். அப்புறம்?"

நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தோம்.