காடழிப்பு குறைகிறதா, கூடுகிறதா? மரக்கன்றுக்குப் பணம் தரும் முன்

கேள்வி: உலகில் காடழிப்பு குறைந்து வருகிறது என்று ஐ.நா. அமைப்பு ஒன்று அறிவித்ததாகப் படித்தேன். வெப்பமண்டலக் காடுகள் இதுவரை இல்லாத அளவுக்கு அழிந்தன என்கிறது இன்னொரு செய்தி. எதை நம்புவது? காட்டுக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குகிறேன். மரக்கன்று நடும் அமைப்புக்கு அதைக் கொடுக்கலாமா?

பதில்: இரண்டு செய்தியையும் நம்பலாம். இரண்டும் அளப்பது ஒன்றை அல்ல, அவ்வளவுதான்.

முதல் செய்தி, உணவு வேளாண் அமைப்பின் 2025ஆம் ஆண்டு கணக்கெடுப்பைப் பற்றியது. உலகின் காட்டுப் பரப்பு 414 கோடி ஹெக்டேர், அதாவது நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு என்கிறது அது. 1990களில் ஆண்டுக்கு 1.76 கோடி ஹெக்டேர் காடு அழிந்தது. 2015க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அது 1.09 கோடியாக இறங்கியிருக்கிறது. புதிதாக நட்டதையும் தானாக முளைத்ததையும் கழித்தால் நிகர இழப்பு ஆண்டுக்குச் சுமார் 41 லட்சம் ஹெக்டேர். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் 'காடு' என்பது நிலப் பயன்பாட்டைக் குறிக்கிறது. அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, ஐந்து மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், பத்து விழுக்காட்டுக்கு மேல் நிழல் இருந்தால் அது காடு. காகிதக் கூழுக்காக வரிசையாக நட்ட யூகலிப்டஸும் இதில் சேரும். மரங்களை மொட்டையாக வெட்டிவிட்டு மறுபடி நடக் காத்திருக்கும் நிலமும் சேரும். எரிந்த காடு வயலாகவோ மேய்ச்சல் நிலமாகவோ மாறாதவரை, அது அழிந்ததாக எழுதப்படுவதில்லை.

இரண்டாவது செய்தி செயற்கைக்கோள் படத்திலிருந்து வருகிறது. தரையை முப்பது மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மரப்போர்வை இருக்கிறதா, போய்விட்டதா என்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தினர் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கின்படி 2024இல் மட்டும் 67 லட்சம் ஹெக்டேர் வெப்பமண்டலப் பழங்காடு, அதாவது மனிதர் கை அதிகம் படாத பழமையான காடு, போயிற்று. முந்தைய ஆண்டைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. கிட்டத்தட்டப் பாதி தீயால்.

இந்தத் தீதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. ஈரமான மழைக்காடு தானாகப் பற்றி எரிவது அரிது. பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் வைத்த நெருப்பு, வறண்ட ஆண்டில் காட்டுக்குள் நுழைகிறது. பெரும்பாலும் முழங்கால் உயரம்கூட இருக்காது, சருகைத் தின்றபடி மெல்ல ஊர்ந்து போகும். பார்ப்பவருக்குப் பெரிய சேதமாகத் தெரியாது. ஆனால் நெருப்பைப் பழகாத இம்மரங்களுக்குப் பட்டை மெல்லியது. அடிமரம் வெந்து, அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சாயும். மேலே விதானம் திறக்கிறது, வெயில் உள்ளே விழுகிறது, சருகு காய்கிறது. அடுத்த தீ இதைவிட எளிதாக வரும்.

அதனால்தான் நிகரக் கணக்கைப் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது என்கிறேன். ஓரிடத்தில் ஒரு ஹெக்டேர் பழங்காடு போய், வேறொரு கண்டத்தில் ஒரு ஹெக்டேர் கன்று முளைத்தால் நிகரம் பூஜ்யம். ஆனால் நூற்றாண்டுகளாக மரத்திலும் மண்ணிலும் சேர்ந்த கரிமம் (கார்பன்) சில ஆண்டுகளுக்குள் காற்றில் கலந்துவிடுகிறது. கன்று அதைத் திரும்பச் சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அமேசான் மரங்கள் வெளிவிடும் ஈரம்தான் காற்றோடு போய் தெற்கே வெகு தொலைவில் மழையாகப் பெய்கிறது. வேறு கண்டத்துக் கன்று அந்த மழையைத் தராது. உலகின் நிலநீர்வாழ் உயிரினங்களில் சுமார் 80 விழுக்காடு காட்டை நம்பியவை. அவற்றுக்கு ஒற்றை இன மரத்தோட்டம் பெரும்பாலும் வீடாகாது.

இனி உங்கள் பணம். காடு ஏன் போகிறது என்று பார்த்தால் வழி தெரியும். ஏறக்குறைய 90 விழுக்காடு காடழிப்புக்கு வேளாண் விரிவாக்கமே காரணம்: மாட்டு மேய்ச்சல், சோயா, எண்ணெய்ப் பனை போன்றவை. இதைக் கன்று நட்டுத் தடுக்க முடியாது. பிரேசில் என்ன செய்தது என்று பாருங்கள். 2004இல் அந்நாட்டு அமேசானில் சுமார் 27,800 சதுர கிலோமீட்டர் அழிந்தது. 2012இல் அது ஏறக்குறைய 4,600. செயற்கைக்கோள் கண்காணிப்பு, உடனடி அபராதம், பழங்குடியினரின் நில உரிமை, காட்டை வெட்டி விளைவித்த சோயாவை வாங்க மாட்டோம் என்று வணிகர்கள் 2006இல் எடுத்த முடிவு ஆகியவை சேர்ந்து செய்த வேலை அது. பிடி தளர்ந்ததும் 2021இல் மீண்டும் 13,000ஐத் தாண்டியது. பிடி இறுகியதும் 2024இல் சுமார் 6,300க்கு இறங்கியது. ஆட்சியின் உறுதி இவ்வளவு நேரடியாகக் காட்டில் தெரிவதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

எனவே என் வரிசை இது: முதலில், நிற்கும் காட்டைக் காப்பவர்களுக்கு. பழங்குடி நிலப்பட்டாவுக்காக வாதாடுவோர், காவல் சுற்றும் உள்ளூர்க் குழுக்கள், தீத்தடுப்புக் குழுக்கள் இதில் அடக்கம். அடுத்து, சிதைந்த காட்டை வேலியிட்டு, களை நீக்கி, தானாக வளர விடுவோருக்கு. அருகில் பழங்காடு இருந்தால் பறவையும் வௌவாலும் விதை கொண்டுவரும். நடுவதைவிடச் செலவும் குறைவு. நடுவது அதற்குப் பிறகுதான்.

நடும் அமைப்புக்கே தர விரும்பினால், எத்தனை கன்று நட்டீர்கள் என்று கேட்காதீர்கள். ஐந்து ஆண்டு கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன, யாருடைய நிலம், அங்கு வாழ்பவர்கள் சம்மதித்தார்களா, அந்த மண்ணுக்குரிய மரங்களா என்று கேளுங்கள். இயற்கையான புல்வெளியில் நடுகிறார்கள் என்றால் தராதீர்கள்; புல்வெளி பாழ்நிலம் அல்ல. தொகையையும் ஒரே தடவையில் தராமல் மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்து, முந்தைய ஆண்டின் உயிர்பிழைப்புக் கணக்கைப் பார்த்த பிறகே அடுத்த தவணையை அனுப்புங்கள். கணக்கு வைத்திருக்கும் அமைப்பு இதற்குத் தயங்காது.