குத்துவிளக்கும் மூன்று கட்சிக்காரர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவிலிருந்து மைத்துனர் ஒரு நகைச்சுவை அனுப்பினார். கத்தியோடு ஒருவன் பாய்கிறான். நம் கையில் துப்பாக்கி. ஒரு கட்சிக்காரர், 'பாவம், என்ன கஷ்டமோ' என்று யோசித்தபடி நிற்கிறார். இன்னொரு கட்சிக்காரர் சுடுகிறார். டெக்சாஸ்காரர் தோட்டா தீரும்வரை சுடுகிறார். இதை நம்மூர்க் கட்சிகளுக்கு மாற்றி, மஞ்சக்குப்பத்தில் எங்கள் மன்ற ஆண்டுவிழாவில் பத்து நிமிட நாடகமாகப் போடலாமா?

சு., திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள சு.,

தாராளமாகப் போடுங்கள். துப்பாக்கி மட்டும் வேண்டாம். தப்பிக்க வழியிருந்தால் விலகிப்போக வேண்டுமா, நின்ற இடத்திலேயே திருப்பித் தாக்கலாமா என்பது அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2005இல் ஃபுளோரிடாவும் 2007இல் டெக்சாஸும் விலகத் தேவையில்லை என்று சட்டம் போட்டன. அந்தச் சண்டை தெரிந்தவருக்குத்தான் அந்தச் சிரிப்பு. இங்கே உரிமமில்லாத துப்பாக்கியே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். மேடையில் அதை எடுத்தால், 'இவனுக்கு ஏது இது?' என்றுதான் சபை யோசிக்கும். கதவோரம் சாத்திய மூங்கில் தடி போதும்.

நம் சட்டத்திலேயே நாடகம் இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு பற்றியவைதான். போலீசைக் கூப்பிட அவகாசமிருந்தால் அந்த உரிமை கிடையாது, தேவைக்கு மேல் அடிக்கவும் கூடாது என்கிறது 37. திருட்டுப்போன பொருள் கைக்கு வந்ததும் பொருளைக் காக்கும் உரிமை முடிந்தது என்கிறது 43. ஆகவே திருடனை மூன்று இடத்தில் நிறுத்துங்கள்: பூட்டிய கேட்டுக்கு வெளியே, கூடத்தில் குத்துவிளக்கைத் தூக்கியபடி, அதைப் போட்டுவிட்டுச் சந்தில் ஓடும்போது. குத்துவிளக்கு என்றால் கடைசி வரிசைக்கும் தெரியும்.

மூன்று கட்சிக்காரர்களில் முதலாமவர் எங்கேயும் 'போலீசுக்கு, 112க்குப் போடு' என்பார். கேட்டருகே அது சரி. கூடத்திலும் அதையே சொன்னால் சிரிப்பு. இரண்டாமவர் எங்கேயும் தடியைத் தூக்குவார். கூடத்தில் அவர் பக்கம் நியாயம். தாக்கப்படுகிறவர் கோழையைப்போல் ஓட வேண்டியதில்லை என்று 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் வாயில் வையுங்கள். ஆனால் பூட்டிய கேட்டின் கம்பி வழியே குத்தும்போது அவர்தான் கோமாளி. மூன்றாமவர் சந்துவரை துரத்தி, விழுந்தவனை அடிக்கிறவர். அங்கே பாட்டி வரட்டும்: "வெளக்கு எங்கையில இருக்குடா. இனிமே அடிச்சா கேஸ் உம்மேலதான்." விளக்கை அவள் எடுப்பதைச் சபை முதலில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரி எடுபடாது.

முதலாமவரை வெறும் பயந்தாங்கொள்ளியாக ஆக்கிவிடாதீர்கள். மைத்துனர் அனுப்பியதில் எனக்குப் பிடிக்காதது அதுதான். ஒரு தரப்பை மட்டும் மட்டம் தட்டினால் பாதி சபை இறுகிவிடும். காட்சி பகலில் நடக்கட்டும், திருடன் கையில் கத்தி வேண்டாம். இருட்டிய பின் பூட்டை உடைத்து நுழைந்தால் 41, உயிருக்கே ஆபத்து என்று அஞ்ச நியாயமிருந்தால் 38. இரண்டும் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூட உரிமை தருபவை. அப்புறம் யார் சிரிப்பார்கள்?

கேட்டுக்கு நான்கு நிமிடம், கூடத்துக்கு நான்கு, சந்துக்கு இரண்டு. திருடனுக்கு எந்தப் பேட்டையின் பெயரும், தனிப் பேச்சுவழக்கும் கொடுக்காதீர்கள். கடலூரில் எந்தக் குப்பத்தைச் சொன்னாலும் அந்தக் குப்பத்துப் பிள்ளை ஒருவன் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பான்.