வெள்ளை முள் கள்ளி: குட்டி உதிர்வது நோயா?

கேள்வி: நர்சரியில் வாங்கிய சின்னக் கள்ளிச்செடி இது. விரல் பருமனில் உருண்டைகள், உடம்பெல்லாம் வெள்ளை முள். உச்சியில் உள்ள ரோஸ் நிறப் பூ மூன்று மாதமாக வாடவில்லை. தொட்டாலே குட்டிகள் உதிர்கின்றன. ஓர் உருண்டை அடியில் கொழகொழவென்று ஆகிவிட்டது. என்ன வகை? பெருக்கி விற்கலாமா?
- வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: முதலில் அந்தப் பூவைக் கிள்ளிப் பாருங்கள். காகிதம்போல் சரசரத்தால், அது சுடுபசையால் ஒட்டிய காய்ந்த பூ. பசையை முள்ளோடு பிய்க்காதீர்கள், இதழ்களை மட்டும் கத்தரித்து விடுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் மாமிலேரியா கிராசிலிஸ் வகைக்குப் பொருந்துகின்றன. நர்சரிகளில் 'திம்பிள் காக்டஸ்' என்பார்கள். மெக்சிகோ நாட்டுச் செடி. இதன் சொந்தப் பூ சிறியது, வெளிர் மஞ்சள். உடம்பில் வரப்புகள் இருக்காது, சின்னச் சின்ன முண்டுகள்தான். ஒவ்வொரு முண்டின் நுனியிலும் வெள்ளை முட்கள் நட்சத்திரம்போல் விரிந்து படுத்திருக்கும். இறகுபோல் மெத்தென்று இருந்தால் அது வேறு, மாமிலேரியா புளுமோசா.

குட்டி உதிர்வது நோயில்லை. விழுந்த இடத்தில் வேர்விட்டுப் பெருகுவது இதன் இயல்பு. விற்பனைக்கு உங்களுக்கு வசதிதான்! குட்டிகளை நிழலில் மூன்று நான்கு நாள் காயவிட்டு, மணல்மேல் சும்மா வையுங்கள், புதைக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து லேசாகத் தெளித்தால் போதும். அசைத்தால் ஆடாத நிலை வந்ததும் தொட்டிக்கு மாற்றலாம்.

கொழகொழப்புதான் கவலைப்பட வேண்டியது. அது நீர் தேங்கிய அழுகல். அந்த உருண்டையை அகற்றி, மற்றவற்றை உதறிக் காயவைத்துப் புது மண்ணில் வையுங்கள். நர்சரித் தொட்டியில் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவுதான் இருக்கும், ஈரத்தை விடாது. பாதிக்குமேல் பெருமணலும் செங்கல் ஜல்லியும், மீதி செம்மண்ணும் கொஞ்சம் மண்புழு உரமும் போதும். அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி நல்லது. ஈர்க்குச்சியை அடிவரை செருகி எடுங்கள், மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் தண்ணீர். காலை வெயில் வேண்டும், சித்திரை உச்சி வெயிலுக்கு நிழல்வலை போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைக்கடியில் இருக்கட்டும்.

மாவுப்பூச்சி இந்தச் செடியில் கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைக்குள் வெள்ளையாக ஒளிந்துகொள்ளும். எறும்பு ஏறினால் சந்தேகப்பட்டு முண்டுகளின் இடுக்கைப் பாருங்கள். பஞ்சுக்குச்சியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு, மாலையில் ஒற்றி எடுங்கள். வாரம் ஒருமுறை, பூச்சி ஒழியும்வரை. அதுவரை அந்தத் தொட்டியிலிருந்து குட்டி எடுத்து யாருக்கும் விற்காதீர்கள்.